பெயருக்கு முன்னால் 'டாக்டர்': மருத்துவமனையில் யாரை எப்படி அழைப்பது, யாரிடம் எதைக் கேட்டறிவது?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உறவினர் ஒருவரைச் சேர்த்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் வெள்ளைக் கோட்டு அணிந்த இளைஞர் ஒருவர் ரத்தம் எடுத்துச் செல்வார். சற்று நேரத்தில் ஐந்தாறு பேர் கூட்டமாக வந்து கோப்பைப் புரட்டுவார்கள். பிறகு ஒருவர் வந்து காலை மடக்கி நீட்டச் சொல்வார். மாலையில் மற்றொருவர் மாத்திரை தருவார். இவர்களில் ஆண்களை எல்லாம் 'டாக்டர்' என்றும் பெண்களை எல்லாம் 'சிஸ்டர்' என்றும் அழைத்துவிட்டு நாம் வீடு திரும்புகிறோம். நோயாளிக்கு என்ன வியாதி, யார் பார்க்கிறார் என்று ஜமாஅத்தில் யாராவது விசாரித்தால், "பெரிய டாக்டர் பார்த்தாருங்க" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது.

மரியாதையாக அழைப்பது நல்ல பண்பு. அதில் நாம் குறை வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவரை நாம் அழைக்கும் பெயர் வேறு, அவர் பெற்றிருக்கும் தகுதி வேறு. அழைக்கும் பெயரை எல்லோருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். தகுதியைக் கேட்டறியாமல் உடம்பை ஒப்படைக்கக் கூடாது. இந்த வேறுபாடு தெரியாததால் பணத்தையும் சில நேரம் உயிரையும் இழந்த குடும்பங்கள் உண்டு. எனவே மருத்துவத் துறையில் வழங்கும் பட்டப் பெயர்களையும் அழைக்கும் முறைகளையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சொல்லின் கதை

'டாக்டர்' என்ற சொல்லுக்கும் மருந்துக்கும் தொடக்கத்தில் தொடர்பே இல்லை. கற்பித்தல் என்று பொருள்படும் லத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து வந்த அது, ஆசிரியர் என்ற பொருளில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வழங்கியது. இன்றும் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியரை 'டாக்டர்' என்கிறோம் அல்லவா, அதுதான் பழைய பொருள். எம்.பி.பி.எஸ். என்பது பெயரளவில் இளங்கலைப் பட்டமே. அதை முடித்தவரை 'டாக்டர்' என்பது நெடுங்கால வழக்கத்தால் நிலைத்த மரியாதை.

பிரிட்டனில் இன்றும் அறுவைச் சிகிச்சை நிபுணர்களை 'டாக்டர்' என்று சொல்லாமல் 'மிஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். காரணம், அந்தக் காலத்தில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் அல்லர், தொழில் பழகி வந்தவர்கள். முடி திருத்துபவர்களும் அறுவைச் சிகிச்சை செய்பவர்களும் லண்டனில் ஒரே சங்கமாக இருந்து 1745இல்தான் பிரிந்தார்கள்.

நம் மண்ணிலும் இதே கதை உண்டு. தமிழ்நாட்டில் நாவிதர் சமூகத்தாருக்கு 'மருத்துவர்' என்ற பெயரும் உண்டு. அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் அப்பெயர் இருக்கிறது. அந்தச் சமூகத்துப் பெண்கள் 'மருத்துவச்சி'யாக ஊர் முழுவதற்கும் பிரசவம் பார்த்தார்கள். நம் பாட்டிமார்கள் காலத்தில் ஆஸ்பத்திரி எட்டாத கிராமங்களில் குழந்தைகள் அந்தக் கைகளில்தான் பிறந்தன. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்த ஒஸ்தாவும் இந்த வரிசையில் வருபவரே. 'உஸ்தாத்' என்ற சொல்லே நம் பேச்சில் 'ஒஸ்தா' ஆனது. அதற்கும் ஆசிரியர் என்றே பொருள்.

'ஹகீம்' என்றால் அரபியில் ஞானமுள்ளவர். யுனானி வைத்தியருக்கு அது பட்டமாக அமைந்தது. ஆக மருத்துவரைக் குறிக்கும் சொற்கள் பலவும் அறிவை முன்னிறுத்தி வந்தவை. அந்த அறிவு உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

பெயர்ப் பலகையில் உள்ள எழுத்துகள்

பலகையில் பெயருக்கு முன்னால் இருப்பதை விடப் பின்னால் இருப்பதே முக்கியம்.

எம்.பி.பி.எஸ். என்பது ஆங்கில மருத்துவத்தின் அடிப்படைப் பட்டம். ஓராண்டுப் பயிற்சியுடன் ஐந்தரை ஆண்டு. அதன்மேல் எம்.டி. என்றால் பொது மருத்துவம், குழந்தை நலம் போன்ற துறைகளில் முதுநிலை. எம்.எஸ். என்றால் அறுவைச் சிகிச்சை சார்ந்த முதுநிலை. டி.என்.பி. என்பதும் இவற்றுக்கு இணையான முதுநிலைத் தகுதியே. டி.எம்., எம்.சி.ஹெச். இரண்டும் இதயம், நரம்பு, சிறுநீரகம் போன்ற தனித்துறைகளுக்கான உயர்சிறப்புப் பட்டங்கள். டி.ஜி.ஓ. மகப்பேறு, டி.சி.ஹெச். குழந்தைகள் நலம் ஆகியவற்றில் பட்டயம்.

எம்.டி. என்ற இரண்டு எழுத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ரஷ்யா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் அடிப்படை மருத்துவப் பட்டத்தின் பெயரே எம்.டி.தான். அங்கே படித்து வந்து, இங்கே தகுதித் தேர்வு எழுதிப் பதிவு செய்தவர் முறையான மருத்துவர். ஆனால் அந்த எம்.டி. நம் நாட்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நிகர், சிறப்பு நிபுணர் என்று பொருளாகாது. அதுபோல எம்.டி. (சித்தா), எம்.டி. (ஹோமியோ), எம்.டி. (யுனானி) ஆகியவை அந்தந்த முறைகளின் முதுநிலைப் பட்டங்கள்.

பி.எஸ்.எம்.எஸ். சித்தா, பி.யு.எம்.எஸ். யுனானி, பி.ஏ.எம்.எஸ். ஆயுர்வேதம், பி.ஹெச்.எம்.எஸ். ஹோமியோபதி, பி.என்.ஒய்.எஸ். இயற்கை மருத்துவமும் யோகாவும். இவையும் ஐந்தரை ஆண்டுப் படிப்புகள்தாம். சென்னை அரும்பாக்கத்தில் 1979 முதல் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இவர்களும் 'டாக்டர்' என்று போடும் உரிமை உடையவர்கள். நாம் அறிய வேண்டியது, அவர் எந்த முறையில் பயின்றவர் என்பதையே.

பி.டி.எஸ். பல் மருத்துவம். பி.வி.எஸ்சி. கால்நடை மருத்துவம். நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதால், கோழிப்பண்ணைகள் நிறைந்த நம் பகுதியில் 'டாக்டர்' என்றால் கோழி டாக்டரா, மனித டாக்டரா என்று கேட்பது வாடிக்கையான வேடிக்கை. அவரும் முறையாகப் பதிவு பெற்ற மருத்துவரே.

சில எழுத்துகளைக் கண்டால் நின்று யோசிக்க வேண்டும். ஆர்.எம்.பி. என்பது பட்டம் அல்ல. பதிவு பெற்ற மருத்துவர் என்பதன் சுருக்கம் அது. எதில் பதிவு, எண் என்ன என்று கேட்டால்தான் பொருள் விளங்கும். அடைப்புக்குறிக்குள் 'ஏ.எம்.' என்று போட்ட எம்.பி.பி.எஸ்., எம்.டி. பட்டங்கள் மாற்று மருத்துவம் என்ற பெயரில் தரப்படுபவை. அவற்றை வைத்து ஆங்கில மருத்துவம் செய்ய முடியாது.

பெயர் மாறினால் என்ன ஆகும்?

மும்பையில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பாடம். 1992இல் பிரமோத் வர்மா என்பவருக்குக் காய்ச்சல் வந்தது. அவருக்குச் சிகிச்சை அளித்தவர் ஹோமியோபதி படித்துப் பதிவு செய்தவர். ஆனால் அவர் கொடுத்தது ஆங்கில மருந்துகள். முதலில் வைரஸ் காய்ச்சல் என்றும் பிறகு டைபாய்டு என்றும் கருதி மருந்து தொடர்ந்தது. நிலை மோசமாகி நோயாளி இறந்துவிட்டார். மனைவி பூனம் வர்மா விடாமல் போராடினார். 1996இல் உச்ச நீதிமன்றம், தான் பயிலாத முறையில் சிகிச்சை அளிப்பதே அலட்சியம்தான் என்று கூறி, மூன்று லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

அந்த மருத்துவர் போலி அல்லர். அவருக்குப் பட்டமும் பதிவும் இருந்தன. ஆனால் பட்டம் ஒரு முறையில், மருந்து வேறு முறையில். நோயாளியின் குடும்பத்துக்கு அவர் 'டாக்டர்', அவ்வளவுதான்.

பதிவே இல்லாமல் ஆங்கில மருத்துவம் செய்தால், 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஓராண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது.

ஹகீம், ஹிஜாமா, அக்குபஞ்சர்

இது நம் வீடுகளைத் தொடும் பகுதி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

ஹிஜாமா சுன்னத்தான சிகிச்சை என்ற மதிப்பு நம்மிடம் உண்டு. அதன் சிறப்பில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சில நாள் பயிற்சி முடித்துவிட்டு, பெயருக்கு முன்னால் 'டாக்டர்' அல்லது 'ஹகீம்' என்று போட்டுக்கொண்டு வீட்டின் முன்னறையில் பிளேடு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்குக் கீறல் புண்ணாகலாம். இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு ரத்தம் நிற்காமல் போகலாம். கருவியைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போகும். பி.யு.எம்.எஸ். படிப்பில் ஹிஜாமா ஒரு பாடப்பகுதி. யாருக்குச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்தே அங்கு படிக்கிறார்கள். எனவே ஹிஜாமா செய்துகொள்ள விரும்புவோர் யுனானி பட்டமும் பதிவும் உள்ளவரைத் தேடிச் செல்வதே முறை.

மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பர் 25 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ முறைகளைச் சேர்ந்தவர்கள் மட்டுமே 'டாக்டர்' என்ற சொல்லைப் பயன்படுத்தலாம், அங்கீகாரம் இல்லாத முறைகளில் பட்டப்படிப்பு நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். அக்குபஞ்சரை அந்த ஆணை ஒரு சிகிச்சை வகையாகவே கருதியது. அக்குபஞ்சர் செய்பவர் பயிற்சி பெற்றவராக இருக்கலாம். ஆனால் அவர் சொன்னார் என்பதற்காகச் சர்க்கரை மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ நாமாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்ட பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

இந்த எச்சரிக்கை நமக்குப் புதியது அல்ல. மருத்துவம் தெரிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து பாதிப்பு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பு என்ற கருத்தில் அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் நபிமொழி வந்துள்ளது. ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பாக்தாதில் ஒரு மருத்துவரின் தவறால் ஒருவர் இறந்தார். கலீஃபா அல்முக்ததிர், தேர்வில் தேறாத எவரும் மருத்துவம் செய்யக் கூடாது என்று உத்தரவிட்டு, தலைமை மருத்துவர் ஸினான் பின் ஸாபித்திடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். எண்ணூறுக்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, தகுதியைச் சோதிப்பது மருத்துவருக்கு அவமரியாதை என்று யாரும் நினைக்கவில்லை.

பிசியோதெரபிஸ்ட் 'டாக்டரா'?

பக்கவாதம் வந்தவரை நடக்க வைப்பதிலும், மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்தவரை எழுப்பி விடுவதிலும் பிசியோதெரபிஸ்டின் பங்கு பெரியது. அவர்கள் 'டாக்டர்' என்று போடலாமா என்பதில் நாடு முழுவதும் வாக்குவாதம் உண்டு. 2025 ஏப்ரலில் வெளியான பாடத்திட்டம், முன்னால் 'டாக்டர்' என்றும் பின்னால் 'பி.டி.' என்றும் போடலாம் என்றது. செப்டம்பர் 9 அன்று மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் கூடாது என்று கடிதம் அனுப்பியது. மறுநாளே அக்கடிதத்தைத் திரும்பப் பெற்றது.

நமக்கு இதில் நடைமுறைப் பாடம் ஒன்றுதான். பெயருக்குப் பின் 'பி.டி.' அல்லது பி.பி.டி., எம்.பி.டி. என்று இருந்தால் அவர் உடலியக்கச் சிகிச்சை நிபுணர். 'டாக்டர்' என்றே அழைக்கலாம், தவறில்லை. ஆனால் ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டவா குறைக்கவா என்று அவரிடம் கேட்கக் கூடாது. கண்ணாடிக் கடையில் பார்வையைச் சோதிப்பவர் பெரும்பாலும் ஆப்டோமெட்ரிஸ்ட். கண்ணாடி எண்ணுக்கு அவர் போதும். கண்ணில் வலியோ திடீர் மங்கலோ இருந்தால் கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

அரசு மருத்துவமனையில் யார் யார்?

சேலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் இந்த வரிசை பொருந்தும்.

ஹவுஸ் சர்ஜன்: படிப்பை முடித்துக் கடைசி ஓராண்டுப் பயிற்சியில் இருப்பவர். ரத்தம் எடுப்பது, குறிப்பு எழுதுவது இவர் வேலை. 'தம்பி', 'பாப்பா' என்று கூப்பிடாமல் 'டாக்டர்' என்றே அழைக்க வேண்டும்.

பி.ஜி.: முதுநிலை படிக்கும் மருத்துவர். இரவிலும் வார்டில் கிடைப்பவர். நோயாளியின் நிலை பற்றிப் பெரும்பாலும் இவரிடம்தான் கேட்டறிய முடியும்.

உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர்: இவர்கள் மூத்த மருத்துவர்கள். ஒரு பிரிவுக்குத் தலைவராக இருப்பவரை 'சீஃப்' என்பார்கள். எந்த யூனிட், யார் சீஃப் என்று சேர்க்கும் நாளிலேயே எழுதி வைத்துக்கொண்டால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

ஆர்.எம்.ஓ.: மருத்துவமனையின் அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கும் நிலைய மருத்துவ அலுவலர். படுக்கை, சான்றிதழ், வார்டில் குறை என்றால் அணுக வேண்டியவர். அனைவருக்கும் மேலே டீன்.

தனியார் மருத்துவமனையில் 'டியூட்டி டாக்டர்' என்பவர் அந்த நேரத்துப் பொறுப்பில் இருப்பவர். 'கன்சல்டன்ட்' என்பவர் சிகிச்சையை முடிவு செய்யும் நிபுணர். இரவில் டியூட்டி டாக்டரின் படிப்பு என்ன என்று கேட்பதில் தவறே இல்லை.

சிஸ்டர், பிரதர், பைலட்

கிறிஸ்தவக் கன்னியர் மருத்துவமனைகளில் பணிவிடை செய்த காலத்து வழக்கம் 'சிஸ்டர்'. ஆண் செவிலியர் வந்த பிறகு 'பிரதர்' சேர்ந்தது. இலங்கைத் தமிழர் 'தாதி' என்கிறார்கள். செவிலியர் பணி நம் வரலாற்றுக்கும் நெருக்கமானது. மதீனாவில் காயம்பட்டவர்களுக்குக் கூடாரம் அமைத்துச் சிகிச்சை அளித்த ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரலி) அவர்களை நாம் அறிவோம்.

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, ஏ.என்.எம். இரண்டு ஆண்டு. கிராமத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்து, தடுப்பூசி போட்டு, வீடு தேடி வருபவர் கிராம சுகாதாரச் செவிலியர். வி.ஹெச்.என். என்பார்கள். வார்டில் செவிலியர்களின் மேற்பார்வையாளர் செவிலியர் கண்காணிப்பாளர். இவர்கள் வேறு, துப்புரவுப் பணியாளர் வேறு, நோயாளியைத் தள்ளிச் செல்லும் பணியாளர் வேறு. அவர்களையும் 'ஏய்', 'ஆயா' என்று அழைக்காமல் 'அக்கா', 'அண்ணா' என்றால் நம் மதிப்பு குறைந்துவிடாது.

108 ஆம்புலன்ஸில் ஓட்டுநருக்குப் பெயர் 'பைலட்'. உடன் வருபவர் இ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர். மருந்துக்கடையில் மருந்தாளுநர் டி.பார்ம். அல்லது பி.பார்ம். படித்துப் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அவர் மருந்துச் சீட்டைப் படித்துச் சரியாகக் கொடுப்பவர். நோயைச் சொல்லி மாத்திரை வாங்கும் 'கடை டாக்டர்' வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

மரியாதை இரு பக்கமும்

நம் பகுதியில் பேச்சோடு 'ங்க' சேர்ப்பது இயல்பு. "டாக்டருங்க, ஒரு சந்தேகமுங்க" என்று தொடங்கினால் எந்தக் கேள்வியும் கடுமையாக ஒலிக்காது. "உங்க பேர் என்னங்க, எந்தப் பிரிவுங்க, அம்மாவுக்குப் பொறுப்பான டாக்டர் யாருங்க?" என்ற மூன்றும் போதும்.

இது சலுகை அல்ல, உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம், சிகிச்சை அளிப்பவர் யார், அவர் தகுதி என்ன, பொறுப்பான மருத்துவர் யார் என்று அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு என்கிறது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. நம் சகோதரிகள் தயங்காமல், "ஒரு சிஸ்டர் கூட இருக்கட்டுங்க" என்று கேட்கலாம்.

நோயாளியையும் 'பாய்', 'பாயம்மா', 'பெட் நம்பர் பதினெட்டு' என்று அழைப்பதை விடப் பெயர் சொல்லி அழைப்பதே நல்லது. வெறும் மரியாதைக்காக மட்டுமல்ல. ஒரே வார்டில் இரண்டு ஃபாத்திமாக்கள், மூன்று அப்துல்கள் இருப்பார்கள். மருந்து மாறிவிடாமல் இருக்க, முழுப் பெயரையும் தந்தை அல்லது கணவர் பெயரையும் நாமே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகளைச் சேர்க்கும்போது

ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம் எனக் கல்லூரிகள் நிறைந்த பகுதி நம்முடையது. 'முடித்தால் டாக்டர்' என்று சொல்லி விற்கப்படும் படிப்புகளில் மகளைச் சேர்க்கும் முன், அந்தப் பட்டத்தை எந்தக் கவுன்சில் பதிவு செய்யும், பதிவுக்குப் பின் என்ன வேலை செய்யலாம் என்று கேளுங்கள். நல்ல செவிலியரும் நல்ல ஆய்வகப் பணியாளரும் சமுதாயத்துக்கு மருத்துவருக்கு நிகராகத் தேவை. பட்டப் பெயருக்காக மட்டும் லட்சங்களைக் கொட்ட வேண்டாம்.

சுருக்கமாக நினைவில் வைக்க

1. மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் காட்ட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. சீட்டில் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ இட்டுச் சரிபார்க்கலாம். சித்தா, யுனானி, ஹோமியோபதி, பல், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோருக்குத் தனித்தனிப் பதிவு அமைப்புகள் உள்ளன.

3. சிகிச்சை ஆவணங்களின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு.

4. போலி மருத்துவர் என்று ஐயம் வந்தால் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். மருத்துவ ஆலோசனைக்கும் தகவலுக்கும் 104ஐ அழைக்கலாம்.

5. எல்லோரையும் மரியாதையாக அழையுங்கள். தகுதியைக் கேட்டறிந்த பிறகே சிகிச்சைக்குச் சம்மதியுங்கள். முறையாகப் படித்த எந்த மருத்துவரும் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.